பாம்பனிலிருந்து ஆட்சியருக்கு இரண்டாவது மனு

அனுப்புநர்: பாம்பன் நாட்டுப்படகு மீனவர் ஒருவர், வயது 41. (பெயர், முகவரி, மருத்துவச் சீட்டு நகல் எல்லாம் தனி உறையில் வைத்திருக்கிறேன்.)

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: பைபோலார் நோய்க்கான லித்தியம் மாத்திரை இடைவெளி இல்லாமல் கிடைக்கவும், அதற்கான ரத்தப் பரிசோதனையை நம் மாவட்டத்திலேயே செய்யவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில் உங்கள் அலுவலகத்துக்கு 38 பக்கத்தில் பச்சை மையில் ஒரு மனு வந்திருக்கும், தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரயில் விட வேண்டும், செலவுக்கு ஆறு கோடி ரூபாய் நானே தருகிறேன் என்று. அதை எழுதியதும் நான்தான். அன்றைக்கு என் வங்கிக் கணக்கில் 412 ரூபாய் இருந்தது. ரயில் கேட்டது ஒன்றும் தப்பில்லை, 1964 புயலில் போன பாதைக்கு 2019-இல் அடிக்கலே நாட்டினார்கள், பணம் நான் தருகிறேன் என்றதுதான் கோளாறு. மனு வாங்கும் மேசையில் இருந்த அம்மா சிரிக்காமல் சீல் போட்டு ரசீது கொடுத்தார், அவருக்கு நன்றி. அந்த மனுவை நீங்கள் முடித்து வைத்துவிடலாம். அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது பைபோலார். தமிழில் இருமுனையக் கோளாறு என்று எழுதுகிறார்கள், ஊரில் கிறுக்கு என்பார்கள், இரண்டுக்கும் நான் பழகிவிட்டேன். சில மாதம் மனசு மேலே ஏறும், தூக்கமே வேண்டியிருக்காது, பேச்சு நிற்காது, கையில் இல்லாத காசை எல்லாம் செலவு செய்யச் சொல்லும். சில மாதம் கீழே இறங்கும், பாயை விட்டு எழுந்திருக்க முடியாது. கடலில் ஏற்றம் வற்றம் மாதிரி என்று டாக்டர் எனக்குப் புரிவதற்காகச் சொன்னார். கடலில் அதற்கு நேரம் காலம் உண்டு டாக்டர், இதற்கு அது கிடையாதே என்றேன், அவரும் ஆமாம் என்றார்.

2016 வரைக்கும் எனக்கு நோய் இருப்பது எனக்கே தெரியாது. அப்போது விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருடத் தடைக்காலத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் எல்லாருமே வீட்டில்தான் கிடப்பார்கள், அதனால் நான் கிடந்ததை யாரும் நோயாகப் பார்க்கவில்லை. அப்போது தடை 45 நாள்தான், 2017-இல்தான் 61 ஆனது. தடை முடிந்து மற்றவர்கள் கடலுக்குப் போன பிறகும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதுதான் என் மனைவி பயந்து ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அங்கே மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை, அவர் பார்த்தது மனச்சோர்வை மட்டும்தான். ஆனால் இந்த நோய்க்காரனுக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சில பேருக்கு மேலே தூக்கிவிடும், எனக்குத் தூக்கியது. மூன்று வாரத்தில் கடனுக்கு இரண்டு எஞ்சின் வாங்கினேன், வைக்கப் படகு கிடையாது. மனைவியின் மூன்று பவுன் அடகுக் கடைக்குப் போனது. கயிற்றால் கட்டித்தான் வேனில் ஏற்றினார்கள்.

அம்மா ஏர்வாடிக்குக் கொண்டுபோனார். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு அந்த ராத்திரி தெரிந்த கதவு அது ஒன்றுதான். தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்திருந்ததால் அங்கேதான் முதல் முறையாக மனநல டாக்டர் ஒருவரைப் பார்த்தேன், பைபோலார் என்ற சொல்லையும் அங்கேதான் கேட்டேன். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் இறந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. இப்போது 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் போன கார்த்திகையில், இத்தனை வருடத்துக்கு அப்புறம், என் வீட்டில் மறுபடியும் கயிறு எடுத்தார்கள். கட்டியவர்கள் என் தம்பியும் மச்சானும். அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை.

நடந்தது இதுதான். நான் சாப்பிடுவது லித்தியம், 300 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னது, இன்றைக்கும் இந்த நோய்க்கு இதற்கு மிஞ்சி பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று என் டாக்டர் சொல்வார். விலையும் கம்மிதான். திடீரென்று நிறுத்தினால் மட்டும் நோய் முன்னை விட வேகமாகத் திரும்பி வரும். ஐப்பசியில் நான் மாத்திரை வாங்கும் அரசு மருத்துவமனையில் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை, மருந்து கொடுக்கும் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் வந்தால்தானே கொடுப்பார். வெளியே ஆறு மெடிக்கலில் கேட்டேன், இது ஓடாத சரக்கு அண்ணே, வாங்கி வைப்பதில்லை என்றார்கள். பதினொரு நாள் மாத்திரை இல்லை. அதற்குள் நான் ராத்திரி மூன்று மணிக்கு வலை பின்னிக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டேன், அப்புறம் பச்சைப் பேனா வாங்கினேன். மீதி உங்கள் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது.

பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிறது. என் அம்மா வாங்குகிறார். அதே வாசலில் நின்று என் மாத்திரையும் உண்டா என்று கேட்டால், அது எங்கள் பையில் இல்லை என்கிறார் மாத்திரை கொண்டுவரும் தங்கச்சி. அதே 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும் எல்லா நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரமும் என்பது நான் சேர்த்தது இல்லை, சட்டத்திலேயே உள்ளது. ஆகவே, லித்தியம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாத மாத்திரை அவரவர் வட்டார சுகாதார நிலையத்தில் தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும், அது பாதியாகக் குறையும்போதே அடுத்தது வந்து சேர வேண்டும். முடிந்தால் அந்தத் தங்கச்சியின் பையிலும் போட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. கடல்காரனுக்கு லித்தியம் கொடுத்தால் இதையும் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும், காரணம் சொல்கிறேன். ரத்தத்தில் லித்தியம் 0.6-க்குக் கீழே போனால் பெரும்பாலும் பலன் இருக்காது, 1.5-ஐத் தாண்டினால் விஷம், நடுவில் இருப்பது கொஞ்ச இடம்தான். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அளவு தானாக ஏறும். வயிற்றுப்போக்கு வந்தால் ஏறும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிறோமே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அதிலும் ஏறும். இப்போது ஒரு நாட்டுப்படகு ஆளை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில், வேர்வை, கேனில் தண்ணீர் தீர்ந்தாலும் வலையை இழுத்துவிட்டுத்தான் கரை, வந்ததும் இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை. முந்தின வருடம் எனக்கு இது நான்கும் ஒன்றாக நடந்தது. கை நடுங்கியது, நாக்கு குழறியது, கரையில் நேராக நடக்க முடியவில்லை. காலையிலேயே ஊற்றிவிட்டான் என்றார் சம்மாட்டி, படகு முதலாளி. கூட்டிப்போன இடத்திலும் குடி என்றே நினைத்து உட்கார வைத்திருந்தார்கள், ஒரு நர்ஸம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதில்தான் பிழைத்தேன். ரத்தம் மதுரைக்குப் போய் முடிவு வர மூன்று நாள். 2.1 என்று வந்தது. நல்லவேளை, அதற்குள் குளுக்கோஸ் ஏற்றி மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் சோதனைகள் எனக்கு இங்கேயே நடக்கின்றன, லித்தியத்துக்கு மட்டும்தான் மதுரை. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து மாத்திரை போடாமல் பசியோடு போய் வந்தால் அன்றைக்குப் பாடு போச்சு, காசும் போச்சு. இதற்குப் பெரிய மிஷின் வேண்டாம், சோடியம் பொட்டாசியம் பார்க்கும் கருவியிலேயே லித்தியமும் பார்க்கிற வகை இருக்கிறது. மாவட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் அதை வையுங்கள், வாரத்தில் ஒரு நாள் பார்த்தாலும் எங்களுக்குப் போதும். அதோடு மீனவர் ஊர்களில் உள்ள மெடிக்கல்களுக்கு, லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அந்த வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை.

இன்னொன்று சின்னது, ஆனால் எங்கள் கரைக்கு மட்டுமே உள்ளது. நான் விசைப்படகை விட்டதற்கு முதல் காரணம் ராத்தூக்கம், தூக்கம் கெட்டால் எனக்கு ஏறிவிடும். இரண்டாவது காரணம் பயம். இலங்கைக் கடற்படை பிடித்தால் வாரக்கணக்கில் சிறை, அங்கே போய் நான் எதைச் சொல்லி மாத்திரை கேட்பேன்? மீனவர் கைதானால் மீன்வளத் துறை வீட்டுக்குச் சொல்லும்போதே, தினசரி மருந்து ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி கேட்டு, அதை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அனுப்பினால் போதும். சுகர்காரருக்கும் வலிப்புக்காரருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

உதவித்தொகை கேட்கவில்லை. மாத்திரை ஒழுங்காக இருக்கும் மாதங்களில் நான் நன்றாகவே சம்பாதிக்கிறேன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பாக்கி இல்லை. மனைவி ஒரு நோட்டில் நான் தூங்கின மணியை எழுதி வருகிறாள், இரண்டு ராத்திரி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவாள், ஒருமுறை நடுராத்திரியில் அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசினாள், பொறுமையாகச் சொன்னார்கள். வீட்டில் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். மாத்திரையை மட்டும் வீட்டில் பின்ன முடியாது.

எங்கள் பக்கத்தில் இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் நான்கு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் பாசி எடுக்கப் போகும் பெண். யாரும் கையெழுத்துப் போட வரவில்லை, படகில் ஏற்றமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம். என் பெயரையும் அதற்காகத்தான் தனி உறையில் வைத்தேன், கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். அதே மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்த உரிமையும் இருக்கிறது.

என் மனைவியின் போன் எண்ணும் உறைக்குள் இருக்கிறது. நான் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன், அதற்குள் கூப்பிடச் சொல்லுங்கள். இன்று காலை எண்ணியபோது டப்பாவில் 27 மாத்திரை இருந்தது. ஒன்பது நாளைக்கு வரும்.

இப்படிக்கு,
(கையொப்பம் தனி உறையில்)
பாம்பன்