இஸ்தான்புல்: மதில் இருக்கட்டும், தண்ணீர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இஸ்தான்புல் கட்டுரை தரைப்பக்க மதிலையும் ஓட்டோமன் துருக்கியர் நகரைப் பிடித்த 1453இன் பீரங்கிகளையும் சுற்றியே நின்றுவிட்டது. அது துறைமுகப் பட்டினம். தண்ணீர்ப் பக்கத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

டான்யூப் முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீரால் கருங்கடலின் மட்டம் சற்றே உயரம். அதனால் கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைக்கும், சுமார் 30 கி.மீ. நீளமுள்ள பாஸ்பரஸ் நீரிணையில் மேல்நீர் பெரும்பாலும் தெற்கே ஓடும். உப்பு மிகுந்த கனமான மர்மரா நீர் அடியில் வடக்கே போகும். கோடையில் வடகிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கருங்கடலுக்கு ஏற வேண்டிய பாய்க்கப்பல்கள் தென்காற்று வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஒதுங்க வாய்த்த இடம் பொற்கொம்பு: 7 கி.மீ.க்கு மேல் உள்வாங்கிய, ஆழமான, காற்று மறைவான கழி. இதை விட்டுவிட்டு நீரிணையின் எதிர்க்கரையில், கால்செடான் என்ற ஊரில் முதலில் குடியேறியவர்களைப் பழங்காலத்தவர் 'குருடர்கள்' என்றது வெறும் கேலியல்ல. அந்தக் கரையோரம் வரும் சூரை மீனைக்கூட நீரோட்டம் பொற்கொம்புக்குள் தள்ளிவிடும் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

பொற்கொம்பின் வாயை இரும்புச் சங்கிலி காத்தது. அதன் பலவீனம் இரும்பில் இல்லை, மறுமுனை கட்டியிருந்த, நகருக்கு எதிரே கழியின் வடபுறத்திலுள்ள கலாட்டா கரையில் இருந்தது. 1203இல் சிலுவைப் போர்க் கப்பற்படை முதலில் கலாட்டா கோபுரத்தைப் பிடித்தது, சங்கிலி போயிற்று. மறு ஆண்டு நகரம் விழுந்ததும் தாழ்வான பொற்கொம்பு மதில் வழியாகத்தான். 1453இல் ஓட்டோமன் சுல்தான் இரண்டாம் மெகமதுவால் சங்கிலியை உடைக்க முடியவில்லை. ஏப்ரல் 22 அன்று கொழுப்பு தடவிய கட்டைகள்மேல், கலாட்டாவுக்குப் பின்புற மேட்டைத் தாண்டிக் கப்பல்களை இழுத்துவந்து கழிக்குள் இறக்கினார். ஏற்கெனவே ஆள் பற்றாத காவலர்கள் கழிப்பக்கச் சுவருக்கும் ஆள் பிரிக்க நேர்ந்தது. பீரங்கி உடைத்த இடத்தை அடைக்க ஆள் குறைந்ததில் இதற்கும் பங்குண்டு. அதற்கு முந்தைய ஆண்டே, நீரிணை சுமார் 700 மீட்டராகக் குறுகும் இடத்தில் ருமேலி கோட்டையைக் கட்டிக் கருங்கடல் வழியை அடைத்திருந்தார். நிற்காமல் போன வெனிஸ் கப்பல் ஒன்று நவம்பரில் அங்கே மூழ்கடிக்கப்பட்டது.

தெற்கே மர்மரா கரையில் இருந்த தியோடோசியஸ் துறைமுகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எகிப்தின் தானியம் இறங்கிய துறை அது. லைக்கஸ் ஓடை கொண்டுவந்த வண்டலால் மெல்ல மெல்லத் தூர்ந்து, பின்னாளில் காய்கறித் தோட்டமாயிற்று. நீரிணைக்கு அடியில் செல்லும் மர்மராய் ரயிலின் நிலையத்துக்காக 2004 முதல் அங்கே, யெனிகாபியில், தோண்டியபோது 37 பழங்கப்பல்கள் கிடைத்தன. காற்றுப் புகாத ஈரச்சேறுதான் மரத்தைக் காத்தது. அப்படிப்பட்ட மரத்தை நேரே உலரவிட்டால் செல்கள் அமுங்கிச் சுருங்கிப் பிளந்துவிடும். எனவே தண்ணீர்த் தொட்டியிலேயே வைத்திருந்து, மரத்துக்குள் நீரின் இடத்தை நிரப்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளில் ஊறவைத்து, உறைநிலையில் உலர்த்துகிறார்கள்.

இந்தக் கட்டுரை நூலாக வந்தால், சங்கிலியின் இரு முனைகளையும் தூர்ந்த துறைமுகத்தையும் குறித்த வரைபடம் ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்