வெள்ளைக்கல் மேட்டில் நேப்பியர் எடுபடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சேலம் வெள்ளைக்கல் (மேக்னசைட் என்னும் மெக்னீசியத் தாது) சுரங்கங்களின் கழிவு மேடுகளில் கம்பு நேப்பியர் என்னும் உயரமான தீவனப் புல்லை நட்டு எரிபொருள் தயாரிக்கலாம் என்று தங்கள் இதழில் வந்த யோசனை குறித்து எழுதுகிறேன். புல் வளர்க்கலாம், தாராளமாக. நேப்பியர் மட்டும் வேண்டாம்.

கோ-4 ரக நேப்பியர் விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன்னுக்குக் குறையாது என்பது தொழுவுரமும் கிணற்றுப் பாசனமும் உள்ள தோட்டத்துக் கணக்கு. அந்த எடையிலும் முக்கால் பங்கு தண்ணீர். சுரங்கக் குழியில் தேங்கிய நீரை மேட்டுக்கு இறைக்கலாமே என்பார்கள். அதிலும் மெக்னீசியம்தான்.

வினையே அங்கேதான். நல்ல வயல் மண்ணில் மெக்னீசியத்தைவிடக் கால்சியம் பல மடங்கு இருக்கும். இங்கே தலைகீழ். எவ்வளவு யூரியா போட்டாலும் வேர் இறங்காது, குருத்து கருகும். மண் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் தழை, மணி, சாம்பல் சத்தோடு திருப்தி அடையாமல் கால்சியம், மெக்னீசியம் அளவுகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கு மருந்து ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். ஏக்கருக்கு 2 டன் வீதம் ஆடியில் தூவி, மேல் அரையடி மண்ணில் கலந்துவிட வேண்டும். மெக்னீசியம் சல்பேட்டாகக் கரைந்து மழையோடு இறங்கிவிடும். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, புரட்டாசியில் நடவு. இறங்கும் நீர் ஊர்க் கிணறுகளைக் கெடுக்காதபடி மேட்டடியில் வாய்க்காலும் குட்டையும் முதலிலேயே வெட்டிவிட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு போட்டால் காரம் ஏறும். டோலமைட் போட்டால் இருக்கிற மெக்னீசியத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும். மணிச்சத்துக்கு டி.ஏ.பி.யைவிட சூப்பர் பாஸ்பேட் மேல். அதில் ஏறக்குறைய பாதி ஜிப்சம்தான்.

சரிவுகளில் வெட்டிவேர். சமமட்டக் கோட்டில், தூருக்குத் தூர் அரையடி விட்டு, இடைவெளியில்லாத வேலிபோல் நட வேண்டும். நடுவில் ஒரு தூர் செத்தாலும் மழைநீர் அந்த வழியாகவே மேட்டை அறுக்கும். மேலே சமதளத்தில் கொழுக்கட்டைப் புல், ஏக்கருக்கு 3 கிலோ விதை. புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும், முளைக்காது. போன வருடத்து விதை வாங்குங்கள். சுணை ஒன்றோடொன்று ஒட்டுவதால் ஈர மணலில் கலந்துதான் தூவ முடியும். தழைச்சத்துக்கு ஊடே வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடி போடலாம். அதன் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து எடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். இன்னொரு பயறுவகைத் தீவனமான முயல்மசால் இந்தக் கார மண்ணில் மஞ்சளடித்துப் போகும். ஏற்காட்டு பாக்சைட் மேடுகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்; அங்கே மண் அமிலம், ஜிப்சம் கணக்கும் வேறு.

அறுவடை தை கடைசியில், புல் நின்றபடியே காய்ந்த பிறகு. பச்சையாக அறுத்தால் அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் கொதிகலனில் சாம்பலை உருக்கிக் குழாய்களில் கட்டி கட்டியாக ஒட்டவைக்கும். தரையிலிருந்து அரையடி விட்டு அறுக்காவிட்டால் வெள்ளைக்கல் தூசியும் கூடவே வரும், சாம்பல் இரட்டிப்பாகும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் புல்லை எரிகட்டையாக அழுத்தும் இயந்திரத்தில் ஆவி கிளம்பி, கட்டை உதிர்ந்துவிடும்.

மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிறதே என்று உதிரிப் புல்லை லாரியில் ஏற்றினால் வாடகையே விலையைத் தின்றுவிடும். மேட்டருகிலேயே கட்டையாக்கி, பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் கொடுப்பதே கட்டுபடியாகும்.

இன்னொன்று: இந்தப் பாறையோடு நிக்கலும் குரோமியமும் வரும். வேலி போடாவிட்டால் கோடையில் மாடும் ஆடும் மேட்டுக்கு ஏறிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் புல்லைச் சோதித்து முடிவு வரும்வரை தீவனமாக யாருக்கும் விற்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வேளாண் பட்டதாரி,
கருப்பூர், சேலம்.