வெயில் நாட்டில் ஒரு பூந்தோட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நானும் அவரும் பிள்ளைகளும் இங்கு நலம். நீங்களும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்த நாட்டு வெயிலில் வீட்டு வாசலில் என்னதான் வளரும் என்று சென்ற முறை பேசியபோது கேட்டீர்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தி அல்ல என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக் கிராமங்களில் சிறு வீடுகளின் முன்னால் இருக்கும் பூந்தோட்டங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெட்டிவிட்ட வேலியோ அளவெடுத்த பாத்தியோ இல்லாமல், ஆண்டுக்காண்டு தாமாகவே தழைத்து வரும் செடிகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து பூத்திருக்கும். கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்ற தோட்டக்கலைஞர் அந்த எளிய வாசல்களிலிருந்து கற்றதைத் தாம் வடிவமைத்த பெரிய தோட்டங்களுக்கும் கொண்டுபோனார். அப்படி ஒரு தோட்டம் வேண்டும் என்பதே இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என் ஆசை.

ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் செடிகளை இங்கே நட்டுப் பயனில்லை. பியோனி நன்றாகப் பூப்பதற்குக் குளிர்காலத்தில் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். டெல்ஃபினியமும் லூபினும் வெப்பமான இரவுகளில் நலிந்துவிடும். பகலில் இலைகள் சேர்க்கும் உணவைச் செடி இரவிலும் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகச் செலவாகிறது. ஆகையால் அந்தத் தோட்டத்தின் செடிகளை விட்டுவிட்டு அதன் முறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முடிவு. நெருக்கமான நடவு இங்கு அழகுக்காக மட்டுமல்ல. இலைகள் மண்ணை மூடிக்கொண்டால் வெயில் நேரடியாக மண்ணில் விழாது, வேர்ப்பகுதி அவ்வளவாகச் சூடேறாது, களையும் குறைவு.

செடிகளை வெயில் நாடுகளிலிருந்தே தேர்ந்தேன். மெக்சிகோ, டெக்சாஸ் பக்கத்துச் சிறு இலைச் சால்வியா, அதே டெக்சாஸின் கௌரா, தென்னாப்பிரிக்காவின் நீலப் பிளம்பேகோ ஆகியவற்றோடு, மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய நம் நித்தியகல்யாணியும் இருக்கிறது. இடையிடையே மழை லில்லிக் கிழங்குகளைப் புதைத்திருக்கிறேன். கெய்லார்டியா தானாகவே விதை சிந்தி, நான் நினைக்காத இடங்களிலெல்லாம் முளைக்கிறது. அந்த நாற்றுகளைப் பிடுங்க எனக்கு மனம் வருவதில்லை. தோட்டத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதான். சால்வியாக்களில் பாதி, பக்கத்து வீட்டுப் பெரியவர் தாமே வேலியருகே வந்து கொடுத்த கிளைத்துண்டுகள். அவருடன் எனக்கு ஏற்பட்ட பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான்.

இங்கு நான் கற்ற முதன்மையான பாடம் பருவத்தைப் பற்றியது. குளிர் நாடுகளில் தோட்டம் குளிர்காலத்தில் உறங்கும். இங்கு கடுங்கோடையே அதற்கு ஓய்வுக் காலம். அந்த மாதங்களில் பூ குறைந்தால் கவலைப்பட்டு உரம் போடக் கூடாது. புதுச் செடிகளை வெயில் தணியத் தொடங்கியதும் நட்டுவிட வேண்டும். குளிர்ந்த மாதங்கள் முழுவதும் வேர் ஆழமாக இறங்கியிருந்தால்தான் அடுத்த கோடையைச் செடி தாங்கும்.

தண்ணீர் விடுவதிலும் பொறுமை வேண்டும். நடுப்பகலில் சால்வியாவின் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்தால் உடனே ஓடிப்போய்க் குழாயைத் திறக்கத் தோன்றும். மாலைக்குள் அவை தாமாகவே நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம் என்று பொருள். அப்போதும் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே வேர் ஆழத்துக்கு நனையும்படி மெதுவாக விடுகிறேன். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கி வெயிலில் வெந்துவிடும். நட்ட முதல் ஆண்டில் மட்டும் அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கிறது.

மண்ணில் மட்கிய உரம் கலந்து, மேலே நான்கு விரல்கடை உயரத்துக்கு இலைச்சருகு மூடாக்குப் போட்டிருக்கிறேன். தண்டைத் தொட்டால் அழுகும் என்பதால் அடியில் சிறிது இடம் விட வேண்டும். உரம் மிகுந்தால் செடிகள் வெறும் இலையாக வளர்ந்து சாய்ந்துவிடுகின்றன. கோடையின் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால், வெயில் இறங்கியதும் புதுத் துளிரில் மொட்டு வைக்கும். கடுங்கோடையின் நடுவில் வெட்டினால் உள்ளே மறைந்திருந்த கிளைகள் வெயிலில் கருகும்.

மேற்கு மூலை மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பிற்பகல் வெயில் முழுவதும் அங்கேதான் விழுகிறது. வெயில் தணிந்ததும் அங்கே ஒரு சிறு மரம் வைத்து, அதன் நிழல் விழும் இடத்தில் பிளம்பேகோவைப் பதியன் போட எண்ணியிருக்கிறேன். அப்பாவிடம் கேட்டு, வேர் பரவிச் சுவரைக் கெடுக்காத மரம் எது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்