ஹேவ்லாக் கிளம்பும் முன் இதைப் படி

மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டார்கள். இத்தனை நாளாகக் கடிதம் இல்லை என்று திட்டுவாய், அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு டைவிங் போன நம்ம சிநேகிதன் கேப்டனுக்கு பெண்ட்ஸ், அதாவது ஆழத்திலிருந்து ஏறும்போது உடம்புக்குள் காற்றுக் குமிழி உண்டாகிற நோய், வந்து சேம்பர் என்ற அழுத்த அறையில் போட்டார்கள். இப்போது தேறிவிட்டான், பதறாதே. ஆனால் அடுத்த மாதம் நீயும் அதே ஹேவ்லாக்கில் டைவிங் போகிறாய் என்று தங்கச்சி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அவன் ஒன்றும் சாகசம் செய்யவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. காலையில் ஜானிஸ் கார்ஜ் என்ற டைவ் இடத்தில் 28 மீட்டர், அப்புறம் ஆழம் குறைந்த இன்னும் இரண்டு டைவ். மெதுவாகத்தான் ஏறினான், ஒவ்வொரு தடவையும் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றான், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிற, கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட எச்சரிக்கவில்லை. சாயங்காலம் இடது தோளுக்குள் ஒரு வலி. அமுக்கினால் கூடவும் இல்லை, கையை எப்படி வைத்தாலும் குறையவும் இல்லை. சிலிண்டர் தூக்கியதில் பிடித்திருக்கும் என்று கூட இருந்தவர்கள் தைலம் தேய்த்துவிட்டார்கள். ராத்திரி விரல் நுனிகள் மரத்துப்போயின. வயிற்றில் வலை பின்னியதுபோலச் செந்நீலத் திட்டுகள். மறுநாள் காலை சென்னைக்கு விமானம். அவன் மனைவி அந்தத் திட்டுகளைப் பார்த்து அடம்பிடித்திராவிட்டால் ஏறி உட்கார்ந்திருப்பான்.

கடலுக்குள் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 28 மீட்டரில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து சேருகிறது. மேலே வரும்போது அது நுரையீரல் வழியே வெளியேற நேரம் வேண்டும். போதாவிட்டால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டில் என்றால் வலி, தண்டுவடத்தில் என்றால் கால் விழும், சிறுநீர்கூட வராது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு, இருக்கிற குமிழி இன்னும் பெரிதாகும். கம்ப்யூட்டர் போடுவது கணக்கு. நீ ராத்திரி தண்ணீர் குடித்தாயா, தூங்கினாயா என்பது அதற்குத் தெரியாது. பிறக்கும்போது மூடவேண்டிய இதயத்துளை நாலு பேரில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை, நுரையீரல் வடிகட்டவேண்டிய குமிழிகள் அது வழியே நேராகத் தமனிக்குப் போய்விடலாம், அதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

சரி, வைத்தியம். முதலில் மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன், படுக்க வைப்பது, தண்ணீர். வலி போய்விட்டால்கூட விடக்கூடாது, திரும்ப வரும். கேப்டனைப் படகிலேயே ஆக்சிஜனோடு போர்ட் பிளேர் கடற்படை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் அவனைக் கண்ணை மூடி ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்கச் சொன்னாராம், 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னாராம், நரம்பும் மூளையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க. கணக்கில் நம்ம ஆள் எப்படி என்று உனக்குத் தெரியும், நல்லவேளை நிற்பதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

சேம்பர் என்பது இரும்பு உருளை. உள்ளே அழுத்தத்தை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக ஏற்றுகிறார்கள், அப்போது காற்று சூடாகி உடம்பெல்லாம் வியர்க்கிறதாம், காது அடைத்து அடைத்துத் திறக்கிறதாம். தீப்பிடிக்கும் பயத்தால் பருத்தி உடை மட்டும், எண்ணெய், தைலம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, தோளைத் துடைத்துத்தான் ஏற்றினார்கள். 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றி. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே அதிகமானால் வலிப்பு வரும், அதற்குத்தான் இடைவெளி. பிறகு 9 மீட்டர் அளவுக்குக் குறைத்து அங்கே நீண்ட நேரம். மொத்தம் 4 மணி 45 நிமிடம். அமெரிக்கக் கடற்படை வகுத்த அட்டவணை, உலகில் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். அழுத்தம் குமிழியைச் சுருக்குகிறது, நைட்ரஜனே இல்லாத ஆக்சிஜன் மிச்சத்தை இழுத்து வெளியேற்றுகிறது. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே தோள்வலி விட்டுவிட்டது என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது, மாப்ள. மரப்பு போக இன்னொரு தடவை உள்ளே போகவேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டபிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். 1908-லேயே ஹால்டேன் என்ற விஞ்ஞானி பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் விட்டுப் பார்த்து, படிப்படியாக நின்று நின்று ஏறினால் தப்பிக்கலாம் என்று எழுதிவிட்டார். வலி கண்ட ஆடு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். பாவம், அதற்கு மறைக்கத் தெரியவில்லை. மனுசன்தான் மறைக்கிறான். கொடைக்கானலில் காலை உடைத்துக்கொண்டு ‘சும்மா சுளுக்குடா’ என்று மலை இறங்கிய ஆள் நீ, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

டைவிங் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அந்தப் பவளத்தை நீ பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரிலிருந்து ஏறியபின் ஒரு நாளுக்குள் எந்த வலி, மரப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி வந்தாலும் பெண்ட்ஸ்தான் என்று வைத்துக்கொண்டு வாயைத் திறந்து சொல். வலிக்கிறதே என்று சரிசெய்ய மறுபடி கடலில் இறங்காதே. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அந்த ஆக்சிஜனைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏறு. டைவிங்குக்கான இன்சூரன்ஸ் எடு. பல நாள் டைவ் செய்தால் விமானத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறார்கள், நீ 24 விடு. கடைசி நாள் சும்மா கடற்கரையில் கிட.

கேப்டன் இன்னும் போர்ட் பிளேரில்தான் இருக்கிறான், டாக்டர் விடும்வரை விமானம் கிடையாது. நீ கூப்பிட்டால் சந்தோஷப்படுவான், தோளைப் பற்றிக் கிண்டல் மட்டும் வேண்டாம்.

உன் திரும்பும் டிக்கெட் என்றைக்கு, கடைசி டைவ் என்றைக்கு? இரண்டையும் எழுதி அனுப்பு. ஒரே நாளாக இருந்தால் டிக்கெட்டை மாற்றிவிட்டே பதில் போடு.

உன்
மச்சான்