ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் பார்த்தேன்பா

லாரன்ஸ், கான்சஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன்பா. குளிர் இன்னும் விடல, ஆனா பழகிடுச்சு, அம்மாவை கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. போன்ல பேசினா சாப்பிட்டியா தூங்கினியான்னே முடிஞ்சிடுது, அதான் லெட்டர்.

போன சனிக்கிழமை லேப்ல கூட இருக்கிற பொண்ணு பாஸ்கட்பால் மேட்ச்சுக்கு கூட்டிட்டு போனா. எங்க கான்சஸ் யூனிவர்சிட்டியோட உள்ளரங்கம், ஆலன் ஃபீல்ட்ஹவுஸ்னு பேரு, 15,000 பேருக்கு மேல உக்காரலாம், சத்தத்துல காது அடைச்சு போச்சு. ஜெயிச்சதும் எல்லாரும் கையைத் தூக்கி மெதுவா ஆட்டுறாங்க, காத்துல கோதுமை கதிர் ஆடுற மாதிரி, எனக்கு நம்ம ஊர் வயலே ஞாபகம் வந்துச்சு.

வாசல்ல ஒரு கோச்சோட சிலை இருக்கு. ஃபாக் ஆலன். அவரைப் பத்தி படிக்க படிக்க உங்க நெனப்புதான்பா. பாஸ்கட்பாலை கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித் இங்கதான் முதல் கோச், அவர்கிட்ட ஆடின பையன் இவர். கோச்சாகப் போறேன்னதும் இதெல்லாம் சொல்லிக் குடுக்குற ஆட்டம் இல்லப்பா, ஆடுற ஆட்டம்ங்கிற மாதிரி நெய்ஸ்மித் சொன்னாராம். ஆனா இவர் இங்க மட்டும் 39 சீசன் இருந்து 590 மேட்ச் ஜெயிச்சார், 1952ல தேசிய சாம்பியன், 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கட்பால் வர்றதுக்கும் ரொம்ப பாடுபட்டிருக்கார். அடிபட்ட பசங்களுக்கு வைத்தியமும் இவரே பார்ப்பார், படிச்ச டாக்டர், பசங்க டாக்னுதான் கூப்பிடுவாங்க.

நீங்க ஸ்கூல்ல ரெண்டு டீமுக்கும் ஒரே ஆளா கோச்சா இருந்தீங்கல்ல, இவரும் 1920ல ஒரு வருஷம் ஃபுட்பால் கோச்சா இருந்திருக்கார் (இங்க ஃபுட்பால்னா பந்தைக் கையில வச்சுட்டு ஓடுறது). பக்கத்து மாநிலத்து நெப்ராஸ்கா யூனிவர்சிட்டியோட மேட்ச்ல 20-0ன்னு பின்தங்கி இருந்த டீம் கடைசில 20-20ன்னு டிரா பண்ணுச்சு, அந்த வேகத்துல ஊரே காசு போட்டு ஸ்டேடியம் கட்ட ஆரம்பிச்சாங்க.

எனக்கு மனசு கஷ்டமானது கடைசி வருஷம்தான். வில்ட் சேம்பர்லின்னு ஏழடி உயரப் பையன், இவரே ஃபிலடெல்ஃபியாவுல இருந்து கொண்டு வந்தவன். முதல் வருஷப் பசங்க அப்ப மெயின் டீம்ல ஆடக் கூடாது. அடுத்த வருஷம் அவன் மெயின் டீமுக்கு வர்றதுக்குள்ள இவருக்கு 70 ஆயிடுச்சு, விதிப்படி 1956ல கட்டாய ரிட்டயர்மெண்ட். கேட்டுப் பார்த்தும் விடல. அந்த டிசம்பர்ல வில்ட் முதல் மேட்ச்லயே 52 பாயிண்ட் போட்டான், கோச் வேற ஆள்.

சிலை முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்பா. நீங்க ரிட்டயர் ஆன வருஷம் எட்டாவதுல சேர்ந்தானே ஒரு உயரமான பையன், இவனை ரெண்டு வருஷம் என்கிட்ட விட்டா போதும்னு ராத்திரி சாப்பிடும்போது சொன்னீங்களே, அவன் இப்ப எங்க இருக்கான்? ஆடுறானா? விசாரிச்சு எழுதுங்க.

உங்கள் அன்பு மகள்