பழைய பிலிம் டின்னைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1967 முதல் 1969 வரை சைமன் டீ நடத்திய ‘டீ டைம்’, பிபிசியின் பெயர்பெற்ற பேட்டி நிகழ்ச்சி. மான்செஸ்டரில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஸ்டூடியோவிலிருந்து வாரம் இருமுறை நேரலையாக வந்தது. பின்னர் லண்டனுக்கும் சனி மாலைக்கும் மாறியது. அத்தனை பேர் பார்த்த நிகழ்ச்சியில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சில பகுதிகளே.

அன்றைய வீடியோ நாடாவின் அகலம் 2 அங்குலம். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் ஓடும். விலை அதிகம் என்பதால் அழித்து அழித்துப் பயன்படுத்தினார்கள். வெளிநாட்டுக்கு விற்க வேண்டிய நாடகம் போன்றவற்றைத்தான் பெரும்பாலும், திரையில் ஓடவிட்டு 16 மி.மீ. பிலிமில் படம்பிடித்து வைத்தார்கள். அந்த வாரத்து விருந்தினரின் அந்த வாரத்துப் பேச்சை எந்த நாடு வாங்கும்? பேட்டிகளுக்குப் பிலிம் பிரதி இல்லாமற்போனது இதனால்தான். பழையவற்றைக் காக்கும் முறையான ஏற்பாடு பிபிசிக்கு 1978இல்தான் வந்தது.

விற்ற பிரதிகள் எங்கெங்கோ பிழைத்தன. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் தொலைந்த கதை ஒன்று, 4 பகுதிகளும் சேர்ந்து, 1991இல் ஹாங்காங்கில் கிடைத்தது. அறுபதுகளில் அந்தத் தொடரை வாங்கிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று!

ஆகவே, ஒளிபரப்பிலோ திரையரங்கிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் சாமான் அறையில் பழைய பிலிம் டின் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் தமிழ் நிகழ்ச்சிகளும் அதில் இருக்கலாம். 25 நிமிடப் பகுதி என்றால் சுருளில் சுமார் 285 மீட்டர் பிலிம் இருக்கும். ஒரு விளிம்பில் மட்டும் துளைகள், மறு விளிம்பில் நெளிநெளியான கோடு தெரிந்தால், அந்தக் கோடுதான் ஒலி.

டின்னைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும், தனியே வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஆவி உள்ளேயே தங்கி வேகமாக அரிக்கும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் சிங்கப்பூரில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சையோடு படமும் உரிந்து வந்துவிடும். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். சுருங்கிய பிலிமின் துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் வரிசையாகக் கிழியும்.

டின்மேல் எழுதியிருப்பதைப் படமெடுத்துக்கொண்டு, சுருளைப் பிரிக்காமல், முதலில் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேளுங்கள். துருப்பிடித்த டின்னாக இருந்தாலும் அதன் மூடியை எறிந்துவிட வேண்டாம். நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் பெரும்பாலும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்