‘அக்கறையின்மை’ என்ற சொல் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

1982 முதல் 2024 வரையான இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல்களையும் அவற்றில் கட்சிகள் பெற்ற ஏற்ற இறக்கங்களையும் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை ஆவலோடு வாசித்தேன். இரண்டாம் தடவை, ஒரு வசனத்தைப் பிழையாக வாசித்துவிட்டேனோ என்ற ஐயத்தில் வாசித்தேன். “வடக்கு வாக்காளரின் வழமையான அக்கறையின்மை 2005 இல் உச்சத்தைத் தொட்டது” என்பதே அந்த வசனம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஆறு தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக, அதாவது வாக்களிப்பு நிலையமொன்றின் பொறுப்பாளராக, கடமையாற்றியவன் என்ற முறையில் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

2005 நவம்பர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நான் கடமையில் இருந்தேன். பெட்டியைத் திறந்து வெறுமையெனக் காட்டி, முத்திரையிட்டு, மேசைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு காலை 7 மணியிலிருந்து காத்திருந்தோம். பத்து மணியளவில் என்னிடம் படித்த பிள்ளையொருவரின் தாயார் வந்தார். வாக்காளர் அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். வாசலில் நின்றபடியே, “மாஸ்டர், விரலிலை மை பூசாமல் விடமாட்டியளோ?” என்று மெல்லக் கேட்டார். வாக்களித்தவரின் விரலில் மை பூசாமல் விடச் சட்டத்தில் இடமில்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் எதிரே தெருவில் சைக்கிளோடு நின்ற இளைஞரை ஒரு தடவை பார்த்தார்; அட்டையைத் திரும்ப முடிந்துகொண்டு போய்விட்டார். மாலையில் பயன்படுத்தாத வாக்குச்சீட்டுகளை எண்ணிக் கட்டியபோது, காலையில் கொண்டுவந்த கட்டுகளில் பெரும்பாலானவை பிரிக்கப்படாமலே இருந்தன. அந்தத் தாய்க்கு அக்கறை இல்லையென்றா தங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார்?

தமிழ் மக்களுக்கு இத்தேர்தலில் அக்கறையில்லை என்பது, வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்னர் கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளும் தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சந்தித்த பின்னர் வெளிவந்த அறிவிப்பு என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். மக்களைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. அன்று மேலிருந்து விழுந்த சொல்லையே இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் மக்களின் குணமாக அச்சேற்றுவது எந்த வகையில் நியாயம்? யாழ் மாவட்டத்தில் 1.21 சதவீதம்தான் வாக்களித்தது என்பதும், மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்துடன், ரணில் விக்கிரமசிங்கவை விட ஏறத்தாழ ஒரு இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளே கூடப் பெற்று வென்றார் என்பதும் உண்மைதான். அந்த விரலில் மை பட்டிருந்தால் போர் முடியும்வரையான நாட்டின் அடுத்த நான்கு ஆண்டுகள் வேறாக இருந்திருக்குமோ என்ற கேள்வி எங்களில் பலரை இன்றும் உறங்கவிடுவதில்லை. எண்கள் உண்மை என்பதற்காகக் காரணத்தைத் தாங்களாக எழுதிவிட முடியாது.

இதைவிட என்னை வருத்தியது ஒன்று உண்டு. அதே கட்டுரையில் 1988 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி எழுதும்போது, தென்னிலங்கையில், அப்போது ஆயுதக் கிளர்ச்சியில் இருந்த மக்கள் விடுதலை முன்னணியின் “அச்சுறுத்தலால்” வாக்களிப்பு வீழ்ந்தது என்று சரியாகவே குறிப்பிட்டிருக்கிறார். மொனராகலையில் அன்று ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலுமே 55 சதவீதம் அளவில்தான் வாக்களித்தார்கள். பயந்து வீட்டில் இருந்த மொனராகலை விவசாயிக்கு “அச்சுறுத்தல்” என்ற சொல்லும், பயந்து வீடு திரும்பிய யாழ்ப்பாணத்துத் தாய்க்கு “அக்கறையின்மை” என்ற சொல்லும் ஒரே பக்கத்தில், மூன்று பந்தி இடைவெளியில் அச்சாகியிருக்கின்றன. தமிழ்ப் பத்திரிகையொன்றில் இதைக் காண நேர்ந்ததுதான் என் மனத்தாங்கல்.

“வழமையான” என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்த 1982 ஒக்டோபர் 20 அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழரின் அன்றைய பிரதான கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கி நின்றது. அப்படியிருந்தும் யாழ் மாவட்டத்தில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் 87,263 வாக்குகளுடன் மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். நாடளாவிய ரீதியில் ஒரு இலட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேல் பெற்று நான்காவதாக வந்தார். தங்கள் அட்டவணையில் அவர் “ஏனையோர்” என்ற வரிக்குள் போய்விட்டார். இரண்டாமிடம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாணத்தில் 77 ஆயிரம் வாக்குகள் ஏன் விழுந்தன என்றும் கட்டுரையில் இல்லை. 1970 முதல் 1977 வரை அவர் விவசாய அமைச்சராக இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்யத் தடை இருந்தது. எங்கள் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது என் தந்தையார் அறுவடை செய்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி கூரை வளையில் தொங்கவிட்டு, விலைக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார். வாக்களிப்பு அன்று விடியமுன் குளித்து, கொப்பேகடுவவின் கை சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வந்ததை எங்களிடம் மறைக்கவில்லை. அக்கறையில்லாத மனிதர் செய்கிற காரியமா அது?

1994 இல் சந்திரிகா குமாரதுங்க 62 சதவீதத்துக்கும் மேல் பெற்ற அந்தத் தேர்தலில் நான் வசித்த, அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ் குடாநாட்டின் வலிகாமத்துக்கு வாக்குப் பெட்டியே வரவில்லை. வராத பெட்டியில் வாக்குப் போடாதவர்களையும் அந்த “வழமை”க்குள் சேர்த்துத்தான் கட்டுரையாளர் கணக்கிட்டிருக்கிறார். இன்னுமொன்று: போர்க்காலத்து வாக்காளர் இடாப்பில் இடம்பெயர்ந்தவர்களின் பெயர்களும் கடல் கடந்தவர்களின் பெயர்களும் அப்படியே கிடந்தன. 2010 இல் யாழ் மாவட்ட இடாப்பில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். இடாப்பு திருத்தப்பட்ட பின்னர், 2015 இல், ஐந்து இலட்சத்து 29 ஆயிரம். அந்தத் திருத்தத்தால் 2011 இல் எங்கள் பாராளுமன்ற ஆசனங்கள் ஒன்பதிலிருந்து ஆறாகக் குறைந்த செய்தியைத் தாங்களே தலைப்பில் போட்டீர்கள். ஊரில் இல்லாதவர்களையும் சேர்த்து வகுத்தால் சதவீதம் எப்படி உயரும்?

பெட்டி ஒழுங்காக வந்து, மை பூசிய விரலுடன் பயமின்றி வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தபோது என்ன நடந்தது? 2015 ஜனவரி 8 அன்று யாழ் மாவட்டத்தில் 66 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள். 2024 செப்டெம்பர் 21 அன்று, யாழ் மாவட்டத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 1,21,177 வாக்குகள், சங்கு சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு 1,16,688 வாக்குகள். மூன்றாமிடத்தில் ரணில் விக்கிரமசிங்க. வீட்டுக்கு வீடு, ஒரு குடும்பத்துக்குள்ளேயே, வாக்குகள் இப்படிப் பிரிவது அக்கறையில்லாத சனத்திடம் நடப்பதில்லை. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைமையை ஒழிப்பேன் என்ற வாக்குறுதியை 1994 முதல் மேடைக்கு மேடை கேட்டுவிட்டும் திரும்பத் திரும்ப வரிசையில் நின்ற மக்கள் இவர்கள்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டே காரியம். அடுத்த ஞாயிறு இதழில் “அக்கறையின்மை” என்ற சொல்லைத் திருத்தி, 1988 இல் தெற்குக்கு எழுதிய அதே சொல்லை 2005 இல் வடக்குக்கும் எழுதுங்கள். 1982 அட்டவணையில் “ஏனையோர்” என்ற வரியிலிருந்து குமார் பொன்னம்பலத்தின் பெயரை வெளியே எடுத்து, அவர் பெற்ற வாக்குகளுடன் அச்சிடுங்கள். 2019 இலும் இதுபோன்ற ஒரு பிழையைச் சுட்டிக்காட்டித் தங்களுக்கு எழுதினேன். அக்கடிதம் பிரசுரமாகவில்லை, பதிலும் வரவில்லை. இம்முறை கடிதம் பிரசுரமாகாவிட்டாலும் திருத்தமாவது வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
யாழ்ப்பாணம்